பழமும் மதுவும் ஒரே குடுவையில்: ஊறும்போது நடக்கும் வேதியியல்

ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே, 2007ஆம் ஆண்டில் ஒரு சமையல் குறிப்புக்காக நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டது. குறிப்பில் நஞ்சு எதுவும் இல்லை. ‘உமே’ எனப்படும் புளிப்புப் பழத்தை ‘மிரின்’ என்ற இனிப்புச் சமையல் மதுவில் ஊறவைப்பது எப்படி என்று நிகழ்ச்சியில் காட்டினார்கள். மிரினில் இருக்கும் ஆல்கஹால் சுமார் 14 விழுக்காடு. ஜப்பானியச் சட்டமோ, வீட்டில் பழம் ஊறவைக்கப் பயன்படும் மதுவில் குறைந்தது 20 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும் என்கிறது. நாடே பார்க்கும் சமையல் நிகழ்ச்சி, தன்னை அறியாமல் சட்டத்தை மீறக் கற்றுக்கொடுத்துவிட்டது.

அது ஏன் 20? பத்தாகவோ முப்பதாகவோ இல்லாமல் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது எதற்காக? விடை வரித்துறையின் கோப்பில் பாதியும், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரியின் உடலில் பாதியும் இருக்கிறது. வீட்டில் பழச்சுவை மது செய்து பார்க்கும் பழக்கம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. நீங்கள் மது அருந்தாதவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் கண்ணாடிக் குடுவைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது பயன் தரும். எது விளையாட்டு, எது உயிருக்கு ஆபத்து என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.

மூன்று சொற்கள், மூன்று வேலைகள்

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நொதித்தல் என்பது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுவது. கள், பீர், ஒயின் எல்லாம் இப்படி உருவாகின்றன. காய்ச்சி வடித்தல் என்பது நொதித்த நீர்மத்தைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்து, ஆல்கஹாலைச் செறிவாக்குவது. ரம், வோட்கா, ஜின், சம்சு ஆகியவை இந்த வழியில் பிறந்தவை. ஊறவைத்தல் என்பது ஏற்கெனவே வடித்து முடித்த மதுவில் பழத்தையோ தோலையோ பூவையோ போட்டு, அதன் நிறத்தையும் மணத்தையும் இழுத்தெடுப்பது.

மூன்றாவதில் புதிய ஆல்கஹால் ஒரு துளிகூட உருவாவதில்லை. உருவாகவும் கூடாது. 20 விழுக்காடு என்ற வரம்பின் பொருளே அதுதான். ஈஸ்ட் தான் உண்டாக்கும் ஆல்கஹாலாலேயே மயங்கிச் சாகும் உயிரி. பெரும்பாலான வகைகள் 14, 15 விழுக்காட்டில் ஓய்ந்துவிடும். மிகக் கடினமான வகைகளும் 18 முதல் 20 விழுக்காட்டுக்குள் நின்றுவிடும். பழத்தோலில் இயற்கையாகவே ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 14 விழுக்காடு மதுவில் பழத்தையும் சர்க்கரையையும் போட்டால் அது மீண்டும் விழித்துக்கொள்ளலாம். அப்போது நீங்கள் செய்வது ஊறவைத்தல் அல்ல, நொதித்தல். உரிமமும் வரியும் இல்லாமல் மது தயாரிப்பதாகச் சட்டம் அதைப் பார்க்கும். 1962இல் வீட்டில் பழம் ஊறவைப்பதை அனுமதித்த ஜப்பான், எளிதில் நொதிக்கும் திராட்சையை மட்டும் பட்டியலுக்கு வெளியே வைத்தது.

எத்தனாலின் இரட்டை உறவு

கஸ்தூரி எலுமிச்சையின் தோலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். லேசான கசப்பும் கொஞ்சம் மணமும்தான் கிடைக்கும். அதே தோலை 40 விழுக்காடு வோட்காவில் போட்டால் ஒரே நாளில் மணம் ஆளைத் தூக்கும். காரணம் லிமோனீன் என்ற நறுமண எண்ணெய். அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும்.

எத்தனால் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும். மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். ஆகவே தண்ணீர் கலந்த ஆல்கஹால், இரண்டு வகைப் பொருள்களையும் ஒரே நேரத்தில் இழுத்தெடுக்கிறது. சர்க்கரை, புளிப்பு அமிலங்கள், சிவப்பு ஊதா நிறமிகள் ஆகியவை தண்ணீரின் பங்கு. தோல் எண்ணெய்களும் பிசின்களும் ஆல்கஹாலின் பங்கு. இத்தாலியர்கள் எலுமிச்சைத் தோலில் லிமோன்செல்லோ செய்யும்போது 95 விழுக்காடு அளவுக்குச் செறிவான ஆல்கஹாலைப் பயன்படுத்துவது எண்ணெயைக் குறிவைத்துத்தான். சாறுள்ள பழங்களுக்கு அவ்வளவு செறிவு தேவையில்லை.

லிமோன்செல்லோவில் சர்க்கரைப் பாகைச் சேர்த்தவுடன், தெளிவாக இருந்த நீர்மம் பால்போல் கலங்குவதைப் பலர் கெட்டுப்போனதன் அடையாளம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. தண்ணீர் கூடியதும் எண்ணெயைப் பிடித்து வைக்க ஆல்கஹாலுக்கு வலுவில்லாமல் போகிறது. எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. கிரேக்கர்களின் ஊசோ மதுவில் தண்ணீர் விட்டாலும் இதே கலங்கல்தான். அறிவியலில் இதற்கு ‘ஊசோ விளைவு’ என்றே பெயர்.

பாதியாக நறுக்கினால் கால்வாசி நேரம்

பழத்துக்குள் மது நுழைவதும் சாறு வெளியே வருவதும் விரவல் என்ற இயக்கத்தால். இதில் ஒரு கணக்கு உண்டு. விரவலுக்கு ஆகும் நேரம், துண்டின் தடிமனுடைய இருமடிக்கு ஏற்பக் கூடும். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள அன்னாசித் துண்டுக்கு எட்டு நாள் ஆகுமென்றால், அதை 1 சென்டிமீட்டராக நறுக்கினால் ஏறத்தாழ இரண்டு நாள் போதும். சாறு பிழியும் அளவுக்கு நசுக்கினால் இன்னும் வேகம் கூடும். ஆனால் பெக்டினும் நார்த்தூளும் கலந்து நீர்மம் கூழாகிவிடும், வடிகட்டுவது பெரும்பாடாகும்.

சூடேற்றினாலும் விரவல் வேகமெடுக்கும். ஆனால் அடுப்பருகே போகவே வேண்டாம். 40 விழுக்காடு மதுவின் தீப்பற்றுநிலை சுமார் 26 பாகை செல்சியஸ். நமது வீடுகளில் மின்விசிறி சுற்றும்போதே அதைவிட அதிக வெப்பம் இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்த மதுவின் மேற்பரப்பில், ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும் ஆவி எப்போதும் இருக்கும். எரிவாயு அடுப்பின் மேல் பாத்திரத்தை வைத்து மதுவைச் சூடாக்குவது தீயை வலிய அழைப்பதாகும்.

கற்கண்டின் பொறுமை

உமேஷூவுக்கு ஜப்பானியர்கள் வழக்கமாக எடுக்கும் அளவு இது: ஒரு கிலோ பழுக்காத உமே, 35 விழுக்காடு வெண்மது 1.8 லிட்டர், அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை கற்கண்டு. சீனி போடாமல் ஏன் கற்கண்டு? சீனி உடனே கரைந்தால் வெளியே இருக்கும் நீர்மம் திடீரென அடர்த்தியாகிவிடும். சவ்வூடுபரவலால் பழத்தின் நீர் வெளியே ஓடி, பழம் சுருங்கி, உள்ளே இருக்கும் மணம் சிறைப்பட்டுவிடும். கற்கண்டு மெல்லக் கரைகிறது. முதலில் மது பழத்துக்குள் நுழைய நேரம் கிடைக்கிறது. பிறகு வெளியே இனிப்பு கூடக் கூட, மணமேறிய சாறு வெளியே வருகிறது. ஊறுகாய் போடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. உப்பு ஏறியதும் மாங்காய் நீர்விட்டுச் சுருங்குவதும் இதே விதிப்படிதான்.

பேனா எடுத்துப் போடவேண்டிய கணக்கு

வீட்டில் செய்வோர் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். அது மதுவின் செறிவைக் குறைக்கும்.

700 மில்லிலிட்டர் வோட்காவில் 40 விழுக்காடு ஆல்கஹால் என்றால், உள்ளே இருக்கும் தூய ஆல்கஹால் 280 மில்லிலிட்டர். அதில் அரைக் கிலோ அன்னாசி போடுகிறீர்கள். அன்னாசியில் சுமார் 86 விழுக்காடு நீர், அதாவது 430 மில்லிலிட்டர். மொத்த நீர்மம் 1,130 மில்லிலிட்டர். எல்லாம் சமநிலைக்கு வந்ததும் செறிவு சுமார் 25 விழுக்காடு. பரவாயில்லை, 20க்கு மேல் நிற்கிறது. “பழம் நிறைய இருந்தால் நல்லதுதானே” என்று ஒரு கிலோ போட்டால்? 280ஐ 1,560ஆல் வகுத்துப் பாருங்கள். 18 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். அலமாரியில் வைக்கலாம் என்று நீங்கள் நம்பிய குடுவை, நுரைத்துப் புளிக்கவும் பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்புள்ள குடுவையாக மாறிவிடும். இறுக மூடிய கண்ணாடிக்குள் நொதித்தல் தொடங்கினால் வாயு அழுத்தம் கூடிக் குடுவை வெடிக்கவும் கூடும். உமேஷூவுக்கு 35 விழுக்காடு மதுவைத் தேர்ந்தெடுப்பதன் பொருள் இப்போது விளங்கும். பழமும் கற்கண்டும் சேர்ந்த பிறகும் அது ஏறத்தாழ 20இல் நிற்கிறது.

இதே கணக்கின் மறுபக்கம் இன்னும் முக்கியம். சமநிலைக்கு வந்த அந்த அரைக் கிலோ அன்னாசித் துண்டுகளுக்குள் சுமார் 430 மில்லிலிட்டர் நீர்மம் இருக்கிறது. அதுவும் 25 விழுக்காடு மதுதான். எடையில் ஏறத்தாழ 84 கிராம் ஆல்கஹால். சிங்கப்பூரில் ஒரு நிலையான அளவு மது என்பது 10 கிராம். அப்படியானால் வடிகட்டிய பிறகு கிண்ணத்தில் கிடக்கும் ‘வெறும் பழத்தில்’ எட்டுக் கோப்பை மது ஒளிந்திருக்கிறது. மஞ்சள் நிறத்தில், இனிப்பாக, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை. அந்தத் துண்டுகளைப் பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள், அல்லது அன்றே எறிந்துவிடுங்கள்.

கொட்டைக்குள் இருப்பது

உமே, பிளம், ஏப்ரிகாட், செர்ரி போன்ற பழங்களின் கொட்டைகளில் அமிக்டாலின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது பாதாம் மணமுள்ள பென்சால்டிகைடும் சயனைடும் உண்டாகின்றன. உமேஷூவின் தனி மணத்தில் ஒரு பங்கு அந்தப் பென்சால்டிகைடுக்கு உண்டு. கசப்பு மரவள்ளியை ஏன் நன்றாக வேகவைத்துத் தின்ன வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதுவும் அந்தக் குடும்பத்து நஞ்சுதான். முழுப் பழமாக, கொட்டை உடையாமல் ஊறும்போது அளவு மிகக் குறைவு. மணம் கூடட்டும் என்று கொட்டையை இடித்துப் போடுவதுதான் தவறு. மேலும், சயனைடும் எத்தனாலும் சேர்ந்து எத்தில் கார்பமேட் என்ற பொருள் உருவாகலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒளியும் சூடும் அதன் உருவாக்கத்தைத் தூண்டுகின்றன. குடுவையை இருட்டில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழம் நஞ்சை முறிக்காது

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மலிவு மது குடித்த முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் நகரில் இளம் சுற்றுப்பயணிகள் ஆறு பேர். மூன்று இடங்களிலும் குற்றவாளி ஒன்றே: மெத்தனால்.

மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் மூலக்கூறில் ஒரு கார்பன் அணுதான் வேறுபாடு. நிறமில்லை. மணத்தாலும் சுவையாலும் பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை முதலில் பார்மால்டிகைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் உயிரணுக்களின் மூச்சை அடைக்கிறது. முதலில் பாதிக்கப்படுவது பார்வை நரம்பு. 10 மில்லிலிட்டர்கூடக் கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கலாம். குடித்தவுடன் சாதாரணப் போதைபோலவே இருக்கும். பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோன்ற மங்கல் ஆகியவை வரும். “நேற்றுக் குடித்தது இன்னும் இறங்கவில்லை” என்று படுக்கவைக்கும் அந்தச் சில மணி நேரமே பல உயிர்களைக் கொண்டுபோகிறது. மருத்துவமனையில் இதற்கு மாற்று மருந்து உண்டு. அறிகுறி தெரிந்தால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

வீட்டில் பழம் ஊறவைப்பதால் மெத்தனால் உண்டாகுமா? பழத்திலுள்ள பெக்டினிலிருந்து மிகச் சிறிய அளவு வெளியாகும். பழச்சாற்றிலும் அது உண்டு, அதனால் தீங்கில்லை. ஆபத்து நீங்கள் வாங்கும் மதுவில் இருக்கிறது. முத்திரையில்லாத புட்டி, நம்பமுடியாத விலை, தெரிந்தவர் மூலம் வந்த ‘நல்ல சரக்கு’ என்றால், அதில் தொழிற்சாலை மெத்தனால் கலந்திருக்கலாம். அதில் லைச்சியும் கற்கண்டும் போட்டு ஆறு மாதம் வைத்தாலும் மெத்தனால் மெத்தனாலாகவே இருக்கும். பழம் நஞ்சை முறிக்காது. சந்தேகத்தை எழுப்பக்கூடிய கரடுமுரடான சுவையை மட்டும் மறைத்துவிடும்.

வீட்டில் காய்ச்சி வடிக்கும் எண்ணமே வேண்டாம். மெத்தனால் 65 பாகையிலும் எத்தனால் 78 பாகையிலும் கொதிப்பதால், முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கலவையில் அவை அப்படி வரிசையில் நின்று வெளியேறுவதில்லை. மெத்தனால் கடைசிவரை கலந்தே வரும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றி மது வடிப்பது குற்றம். சிங்கப்பூரில் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை பீர், ஒயின் போன்றவற்றை நொதிக்கவைக்க இடமுண்டு. வடிப்பதற்கு அந்தச் சலுகை இல்லை. ஊறவைத்த மதுவை விற்கவும் இரு நாடுகளிலும் உரிமம் வேண்டும்.

சோதனையாகச் செய்வது எப்படி?

செய்து பார்க்க விரும்பும் பெரியவர்கள், ஒரு பெரிய குடுவைக்குப் பதில் 200 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு குடுவைகள் நான்கை எடுங்கள். முத்திரையுள்ள 40 விழுக்காடு வோட்காவை எல்லாவற்றிலும் ஒரே அளவில் ஊற்றுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். முதலாவதில் கஸ்தூரி எலுமிச்சையின் பச்சைத் தோல் மட்டும், இரண்டாவதில் வெள்ளைச் சதையோடு சேர்ந்த தோல், மூன்றாவதில் சாறு, நான்காவதில் எதுவுமில்லை. அந்த நான்காவதுதான் ஒப்பிடுவதற்கான அளவுகோல். அது இல்லாவிட்டால் நீங்கள் செய்வது சமையல், சோதனை அல்ல.

பழத்தை எடை போடுங்கள், நாளை எழுதி ஒட்டுங்கள், பழம் எப்போதும் நீர்மத்துக்குள் மூழ்கியிருக்கட்டும். மேலே மிதக்கும் துண்டில்தான் பூஞ்சை முதலில் வரும். ஒன்று, மூன்று, ஏழாம் நாள்களில் முகர்ந்து குறித்து வையுங்கள். மிளகாய், பட்டை போன்றவற்றை ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும். எலுமிச்சைத் தோலுக்கு ஒரு வாரம் போதும். பழத்துண்டுக்கு ஒன்றிரண்டு வாரம். உமே மட்டும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கேட்கும்.

டுரியானை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். டுரியானும் மதுவும் ஆகாது என்ற ஊர்ப்பேச்சை ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மதுவிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிகைடு என்ற நச்சை அகற்றும் நொதியை, டுரியான் சாறு சோதனைக்குழாயில் 70 விழுக்காடு வரை முடக்கியது. கிழக்காசிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அந்த நொதி பிறப்பிலேயே பலவீனம். ஒரு வாய் குடித்ததும் முகம் சிவந்து நெஞ்சு படபடப்பது அதனால்தான். அப்படி இருப்பவர்களுக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

மது தொடாத வீடுகளுக்கும் பிள்ளைகளுக்கும் வேறொரு குடுவை இருக்கிறது. நாசி கெராபுவுக்கு நீல நிறம் தரும் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவையுங்கள். நீலம் இறங்கும். சில துளி கஸ்தூரி எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகி, மேலும் விட்டால் இளஞ்சிவப்பாகும். சோடா உப்பு போட்டால் பச்சைக்குத் திரும்பும். அமிலத்துக்கு ஏற்ப நிறம் மாறும் அந்தோசயனின் நிறமியின் வேலை இது. கடைகளில் நிறம் மாறும் ஜின் என்று விற்பதும் பெரும்பாலும் இந்தப் பூவின் மாயம்தான்.

ஒரு சிறு கோப்பை எவ்வளவு?

இனிப்பும் பழமணமும் ஆல்கஹாலின் எரிச்சலை மறைக்கின்றன. அதனால் அளவு தெரியாமல் உள்ளே போகிறது. 25 விழுக்காடு செறிவுள்ள பழமது 50 மில்லிலிட்டரிலேயே 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதாவது ஒரு நிலையான அளவு. சர்பத் குவளையில் ஊற்றிக் குடித்தால் நான்கு ஐந்து அளவு ஒரே மூச்சில் போய்விடும். உடல்நலத்துக்குக் கேடில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. மருந்து சாப்பிடுபவர்கள், கருவுற்ற பெண்கள், வண்டி ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு ஒரு கோப்பையும் அதிகம்தான்.

இந்த வாரம் யாராவது உங்களிடம் பழம் ஊறிய மதுப் புட்டியை நீட்டினால், சுவை எப்படி என்று கேட்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த மதுவில் ஊறியது, அதன் புட்டியில் முத்திரை இருந்ததா? எவ்வளவு மதுவுக்கு எவ்வளவு பழம்? எடுத்த பழம் இப்போது எங்கே? மூன்றில் ஒன்றுக்காவது தெளிவான பதில் வராவிட்டால், நன்றி சொல்லிப் புட்டியை மேசையிலேயே விட்டுவிடுங்கள்.